நாய்க்குட்டியை இல்லத்திற்குப் பழக்குதல்

தமிழர் இல்லங்களில் நாய்க்குரிய இடம் நெடுங்காலமாக வாயிற்புறமாகவே இருந்து வந்தது. திண்ணையோரம், கொல்லைப்புறம், களத்துமேடு, ஆட்டுக்கிடை ஆகியவையே அதன் உறைவிடங்கள். வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களும் பெரும்பாலும் நிலைப்படிக்கு வெளியேயே வளர்ந்தன. ஆகவே, குட்டி எங்கே சிறுநீர் கழிக்கலாம், எங்கே கழித்தலாகாது என்னும் வினா நம் முன்னோர்க்கு எழவேயில்லை. தொல்காப்பியனார் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, நாயின் இளமைக்குக் 'குருளை' என்னும் பெயரை உரிமையாக்கிக் 'குட்டி', 'பறழ்' என்பவற்றையும் விலக்காது தழுவிக்கொள்கின்றார். அதன் இளமைக்கு மூன்று பெயர் வழங்கிய மொழியில், அதற்கு வீட்டுத் தூய்மை பயிற்றும் தொழிலுக்குத் தனியாக ஒரு பெயர் அமையவில்லை. பிறநாட்டில் நிலைமை இவ்வாறன்று. சுவிசேஷத்தில் வரும் கானானியப் பெண் நம் ஆண்டவருக்கு மறுமொழி கூறுங்கால், மேசையின்கீழ் விழும் துணிக்கைகளை உண்ணும் நாய்க்குட்டிகளை எடுத்துக்காட்டுகின்றாள். அவ்விடத்துக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லும் சிறுநாய் என்னும் பொருளதே. நாய்க்குட்டி உணவறைக்குள் உலவும் வழக்கத்தை அவள் அறிந்திருத்தல் வேண்டும்.

இற்றை நாளில் நம் இல்லங்களும் மாறிவிட்டன. நகரத்து மாடிக் குடியிருப்பில் திண்ணையும் இல்லை, கொல்லையும் இல்லை. மூன்றாம் மாடியில் வாழ்வோர் நாய் வளர்க்க விரும்பின் கூடத்திலேதான் வளர்த்தல் வேண்டும். ஆர்வத்தோடு கொணரப்பட்ட குட்டி முதல் நாள் எல்லார் மடியிலும் தவழ்கின்றது; மூன்றாம் நாள் பாய் நனைகின்றது; பத்தாம் நாள் சுவரோரம் நாற்றம் எழுகின்றது; வீட்டு உரிமையாளர் வந்து முகஞ்சுளிக்கின்றார்; இரண்டு திங்கள் கழிந்தபின் அக்குட்டி ஏதேனும் ஒரு சந்தைப்புறத்தில் இறக்கிவிடப்படுகின்றது. இவ்வாறு விடப்பட்ட குட்டிகளைக் கழுத்துப்பட்டையோடு தெருவிற் காணாதார் நம்முள் அரியர். தெருவிற் பிறந்த நாய்க்கு அத்தெருவில் எல்லையும் உறவும் உண்டு. வீட்டில் நான்கு திங்கள் வளர்ந்து தெருவில் எறியப்பட்ட குட்டிக்கோ அவ்விரண்டும் இல்லை. ஊர்திகளுக்கும் பிற நாய்களுக்கும் அஞ்சி அலைவதே அதற்கு நேர்வது. கூடம் நனைதல் சிறு செய்தியாகத் தோன்றினும், ஒரு குட்டியின் உயிர் அதனைப் பற்றியே நிற்கின்றது. ஆதலினாலேயே இப்பொருளை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் புத்தியை விடாது என்று ஒரு பழமொழி வழங்குகின்றது. அது மாந்தரைக் குறித்து எழுந்ததாயின் அதனோடு நமக்கு வழக்கில்லை. நாயைக் குறித்ததாகக் கொள்ளின் அது முற்றும் பிழையுடையது. தான் படுக்கும் இடத்தைத் தூயதாக வைத்துக்கொள்ளல் நாயின் பிறவிக்குணம். அக்குணம் குட்டியினிடத்து எவ்வாறு முளைக்கின்றது என்பதனை முதற்கண் காண்போம்.

நாய்க்குட்டி கண் மூடிய நிலையிற் பிறக்கின்றது. கண் திறக்க ஏறக்குறைய 2 வாரமும், செவி நன்கு திறக்க ஏறக்குறைய 3 வாரமும் ஆகின்றன. அந்நாட்களில் தானாகச் சிறுநீர் கழிக்கவும் அதற்கு இயலாது. தாய்நாய் தன் நாவினால் குட்டியின் அடிவயிற்றை நக்கித் தூண்டிய பின்னரே கழிவு வெளிப்படும். வெளிப்பட்டதனையும் தாயே நக்கி அகற்றிவிடும். ஐந்தாறு குட்டிகள் கிடக்கும் படுக்கை இதனாலேயே ஈரமின்றி இருக்கின்றது. மூன்றாம் வாரமளவில் குட்டி தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்கியதும், படுக்கையை விட்டுச் சில அடி அப்பாற் சென்று கழிக்கத் தலைப்படுகின்றது. அதனை யாரும் அடித்துக் கற்பித்தாரல்லர். உலர்ந்த படுக்கையில் வளர்ந்தமையின் ஈரப் படுக்கை அதற்கு ஒவ்வாததாகிவிட்டது. எட்டாம் ஒன்பதாம் வாரத்தில் இன்னும் ஒரு படி ஏறுகின்றது. எத்தகைய தரையிற் காலூன்றிக் கழித்துப் பழகியதோ அத்தகைய தரையையே பின்னும் நாடுகின்றது. மணலிற் பழகியது மணலையும், புல்லிற் பழகியது புல்லையும் தேடும். செய்தித்தாளிற் பழக்கப்பட்ட குட்டி வளர்ந்த பின்னும் தாள் கிடக்குமிடத்தையே தேடும். நாளிதழுக்கும் நம் கல்லூரி ஆண்டு மலருக்கும் வேறுபாடு பாராட்டாது.

அமெரிக்க நாட்டு மேயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டு வளர்த்து ஆராய்ந்தனர். தாம் கண்டவற்றை 1965-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டனர். குட்டியின் மூன்றாம் வாரமுதல் பன்னிரண்டாம் வாரம் ஈறாகவுள்ள காலமே அது பிற உயிர்களோடும் இடங்களோடும் உறவு கொள்ளுதற்குரிய காலம் என்பது அவர்தம் முடிபுகளுள் ஒன்று. நாம் குட்டியைப் பெரும்பாலும் இக்காலத்தின் நடுவிலேயே வீட்டிற்குக் கொணர்கின்றோம். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டில் வெளியான நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் 8 வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது என்கின்றன. தாயும் உடன்பிறப்புகளும் தொடங்கிவைத்த பாடத்தின் இடையிலே குட்டி நம் கைக்கு வருகின்றது. எஞ்சிய பாடம் நம்முடையது.

அப்பாடம் யாது? குட்டிக்குப் 'படுக்கை' என்பது தன் உடலைச் சுற்றியுள்ள இரண்டு சாண் இடம். நம் கூடமோ அதற்கு ஒரு பெருவெளி. கூடத்தின் ஒரு மூலையில் உறங்கி மறு மூலையில் நனைக்கும் குட்டி தன் நெறியில் ஒரு சிறிதும் வழுவவில்லை. தன் உறைவிடத்தை விட்டு அகன்று, போதிய தொலைவு சென்றே கழித்திருக்கின்றது. இதனை உணர்ந்தவர்க்குச் சினம் எழாது. உறைவிடம் என்னும் அதன் எண்ணத்தை மெல்ல மெல்ல விரித்து, படுக்கையிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து வீடு முழுமைக்கும் கொண்டுசெல்லுதலே நாம் செய்யவேண்டிய பணி.

நம்மவருட் பலர் இதற்குக் கோலைக் கையில் எடுக்கின்றனர். 'அடியாத மாடு படியாது' என்பார் ஒருவர். நனைந்த இடத்திலே குட்டியின் மூக்கைத் தேய்த்தல் வேண்டும் என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் பயனில்லாதன என்பதோடு தீங்கும் பயப்பன. குட்டி கழித்து அரைமணி நேரம் சென்றபின் வரும் அடியை அது அச்செயலோடு இயைத்து உணராது; அப்பொழுது தான் செய்துகொண்டிருந்த செயலோடோ, அடிக்க வந்தவரோடோ இயைத்துக்கொள்ளும். கழிக்கும்பொழுதே அடித்தாலும், 'இவ்விடத்திற் கழித்தலாகாது' என்று அது கற்பதில்லை. 'இம்மனிதர் காணக் கழித்தலாகாது' என்றே கற்கின்றது. அதன்பின் அது கட்டிலின் அடியிலும் கதவின் பின்னும் மறைந்து கழிக்கும். வெளியே அழைத்துச் சென்றாலும் நம் முன்னே கழிக்க அஞ்சி அடக்கிக்கொண்டு, வீடு திரும்பியதும் மறைவிடம் தேடும். கள்ளத்தனம் என்று நாம் பழிக்கும் இவ்வொழுக்கம் நம் கோல் கற்பித்ததே.

'அது தன் குற்றத்தை அறிந்திருக்கின்றது. முகத்தைப் பாருங்கள்' என்பர் சிலர். காதை மடித்து, வாலை ஒடுக்கி, கண்ணை வேறுபக்கம் திருப்பும் அத்தோற்றத்தை அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 14 நாய்களை அவற்றிற்குரியவர் வாயிலாகத் தின்பண்டத்தைத் தொடாதே என்று விலக்கச் செய்து, உரியவரை வெளியே அனுப்பி, நாய் தின்றதா இல்லையா என்பதனை அவருக்குச் சிலபொழுது மெய்யாகவும் சிலபொழுது பொய்யாகவும் கூறி நோக்கினார். நாய் தின்றமையாலோ தின்னாமையாலோ அத்தோற்றம் கூடவுமில்லை, குறையவுமில்லை. உரியவர் கடிந்த பொழுதே அது மிகுதியாகத் தோன்றிற்று. தின்னாதிருந்தும் கடியப்பட்ட நாய்களிடத்து அது இன்னும் மிகுதி. ஆகவே நாம் குற்றவுணர்வு என்று படிப்பது அச்சத்தின் எழுத்தே. எழுத்தைத் தவறாகப் படித்துப் பொருள் கூறும் உரையாசிரியரைப் போலாகாதிருத்தல் நன்று.

நிற்க. செய்யத்தக்கது எது என்பதனை இனிக் கூறுவோம். குட்டி கழிக்கும் வேளைகள் பெரும்பாலும் நாம் முன்கூட்டியே அறியக்கூடியன. உறங்கி எழுந்த உடனும், உண்ட பின்னர் ஏறத்தாழ 5 நிமிடமுதல் 30 நிமிடத்திற்குள்ளும், ஓடி விளையாடி நிற்கும்பொழுதும், நீர் பருகிய சிறிது நேரத்திலும் அதற்குக் கழிவு முட்டும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைதல் உடலின் இயற்கை. இவ்வேளைகளன்றியும், 2 திங்கட் குட்டியைப் பகலில் 2 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் வெளியே கொண்டுசெல்லுதல் வேண்டும். தரையை மோந்துகொண்டே வட்டமிடுதல், விளையாட்டைத் திடீரென விடுதல், வாயிலை நோக்கி முனகுதல் ஆகிய குறிகளைக் கண்டால் நொடிப்பொழுதும் தாழ்க்கலாகாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திற்கே கொண்டுசென்று, பேசாமல் நின்று, அது கழித்து முடித்த அக்கணமே இன்சொற் கூறிச் சிறு தின்பண்டம் ஒன்றை அவ்விடத்திலேயே கொடுத்தல் வேண்டும். வீட்டிற்குள் வந்தபின் கொடுப்பின், வீட்டிற்குள் வந்தமைக்குக் கிடைத்த பரிசாகவே அது கருதும்.

இங்கே நம்மவர் பலர் பிழைபடும் நுட்பம் ஒன்று உண்டு. குட்டி கழித்தவுடனே, வேலை முடிந்தது என்று அதனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகின்றனர். மண்ணும் காற்றும் புதுமணங்களும் நிறைந்த வெளியிடம் குட்டிக்குத் திருவிழாவை ஒப்பது. கழித்தால் திருவிழா முடிந்துவிடும் என்று அது இரண்டு நாளிற் கண்டுகொள்கின்றது. கண்டபின், கழிக்காமல் எவ்வளவு நேரம் உலவலாமோ அவ்வளவும் உலவி, உள்ளே வந்த பிறகே கழிக்கின்றது. ஆதலின் கழித்த பிறகே விளையாட்டு, கழித்த பிறகே உலா என்று முறையை மாற்றிவிடுதல் வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கும் பொறுமை ஒரு திங்களின் தொல்லையைக் குறைக்கும்.

எம் இல்லம் மாடிக் குடியிருப்பொன்றின் இரண்டாம் தளத்திலுள்ளது. சென்ற ஆண்டில் எம் தந்தையார் செந்நிற நாட்டுக் குட்டியொன்றைக் கொணர்ந்தார். 'செவலை' என்று பெயரிட்டோம். தடுப்பூசிகள் நிறைவுறாத குட்டியைப் பிற நாய்கள் கழிக்கும் தெருவோரத்தில் விடுதலாகாது. பார்வோ என்னும் கொடிய குடல்நோயின் கிருமி மண்ணிற் பல திங்கள் அழியாது கிடப்பது. ஆதலின் மொட்டைமாடியின் ஒரு மூலையில், அகன்ற பழைய தகரத் தட்டில் மணல் பரப்பி, அதனையே செவலைக்கு உரிய இடமாக்கினோம். முதல் வாரத்தில் நாள்தோறும் பன்னிரண்டு பதின்மூன்று முறை படியேறி இறங்கினோம். எம் அன்னையார் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பின்புறத்தில் குட்டி உண்ட நேரத்தையும் கழித்த நேரத்தையும் குறித்து வந்தார். ஐந்தாம் நாளில் அக்குறிப்பே எமக்கு வழிகாட்டியாயிற்று. காலை உணவுக்குப் பின் 15 நிமிடம், மாலை உணவுக்குப் பின் 20 நிமிடம் என்று ஒழுங்கு புலப்பட்டது. உணவு வேளை ஒழுங்குபட்டாலன்றிக் கழிவு வேளை ஒழுங்குபடாது. நாள் முழுதும் தட்டில் உணவை வைத்துவிட்டு, குட்டி நேரமறியாது கழிக்கின்றது என்று வருந்துவதிற் பயனில்லை.

உணவைப் பற்றி மற்றொன்றும் கூறுதல் வேண்டும். குட்டி என்றவுடன் பசுவின் பாலை ஊற்றுதல் நம் இல்லங்களின் வழக்கம். தாய்ப்பாலை மறந்துவரும் குட்டிகளுட் பலவற்றிற்குப் பசும்பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிறு இளகிவிடும். வயிறு இளகிய குட்டி அடக்க நினைத்தாலும் அடக்கமாட்டாது. பாலை நிறுத்திய இரண்டு மூன்று நாளிலே 'பழக்கம் வந்துவிட்டது' என்று மகிழ்ந்தோரை யாம் அறிவோம். குடிநீரைக் குறைத்தல் மட்டும் கூடாது. குளிர்நாட்டு நூல்களிற் சில மாலைக்குப் பின் நீரை எடுத்துவிடச் சொல்லும். நம் சித்திரை வைகாசி வெயிலில் அதனைக் கைக்கொள்ளுதல் கொடுமை.

தவறி நனைத்த இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்துச் சவர்க்கார நீரால் கழுவி, பின் நீர் கலந்த காடியால் துடைத்துவிடுதல் நன்று. அம்மோனியா கலந்த தூய்மிப்பான் ஆகாது; சிறுநீரிலும் அம்மோனியா மணம் உண்டாதலின், 'இதுவே இடம்' என்று அது குட்டிக்கு அறிவிக்கும். பினாயிலும் வேண்டா, பாதத்திற் பட்டதனைக் குட்டி நக்கிவிடும்.

இனிக் கூண்டைப் பற்றிய செய்தி. மேனாட்டார் குட்டியைப் பழக்குதற்குக் கம்பியாலோ பிளாஸ்டிக்காலோ இயன்ற ஒரு பெட்டியைக் கையாளுகின்றனர். நம் ஊர்க் கடைக்காரர் அதனைக் 'கிரேட்' என்றும் 'நாய்க்கூண்டு' என்றும் கூறுவர். எம் பாட்டியார் அதனைக் கண்ட அன்று, 'பச்சைப் பிள்ளையைச் சிறையில் அடைக்கவா வாங்கி வந்தீர்கள்?' என்று வினவினார். அவ்வினா அறியாமையால் எழுந்ததன்று. அப்பெட்டியைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் வினா அதுவே. தமிழில் 'கூடு' என்றும் 'கூண்டு' என்றும் ஓசையால் நெருங்கிய இரண்டு சொற்கள் உள்ளன. குருவிக்கூடு, தேன்கூடு, குளவிக்கூடு என்பவற்றில் உயிர் தானே விரும்பிப் புகுந்து தானே புறப்படும். கிளிக்கூண்டு, எலிக்கூண்டு, குற்றவாளிக் கூண்டு என்பவற்றில் புகுதலும் புறப்படுதலும் பிறர் கையில் உள்ளன. ('கூண்டு வண்டி' இவ்வரையறைக்கு அடங்காது என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் தடை எழுப்பினார், அங்கே கூண்டு என்பது வளைந்த மேற்கூரையையே குறித்தலின் விட்டுவிடுவோம்.) ஒரே பெட்டி கூடாகவும் ஆகலாம், கூண்டாகவும் ஆகலாம். கம்பியும் பூட்டும் அதனை முடிவுசெய்வதில்லை. நாம் அதனைக் கையாளும் முறையே முடிவுசெய்யும்.

பெட்டி குட்டிக்கு உதவுவது முன்னர்க் கூறிய பிறவிக்குணத்தினால்தான். படுக்கையளவே உள்ள இடமாதலின் அதனுள் நனைக்க அது விரும்பாது. சிறிது நேரம் அடக்கிக்கொண்டு, முனகி நம்மை அழைக்கும். அவ்வழைப்பைக் கேட்டு உடனே வெளியே கொண்டுசென்றால் பாடம் ஒன்று முடிந்தது. ஆகவே அளவு பொருத்தமாதல் வேண்டும். குட்டி நிமிர்ந்து நிற்கவும், சுற்றித் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருத்தல் வேண்டும். ஒரு மூலையில் கழித்து மறு மூலையில் உறங்கும் அளவிற்கு விரிந்திருத்தல் ஆகாது. வளரும் குட்டிக்காகப் பெரிய பெட்டி வாங்குவோர் இடையே தடுப்பு வைத்து, வளர வளர அதனைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

பெட்டிக்குப் பழக்குதலில் விரைவு கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, உள்ளே பழந்துணி விரித்து, உணவுத் தட்டை முதலில் வாயிலிலும், பின் நடுவிலும், பின் உட்கோடியிலும் வைத்தோம். செவலை முன்கால்களை உள்ளே வைத்துப் பின்கால்களை வெளியே நீட்டிக்கொண்டு உண்ட காட்சி இன்றும் கண்முன் நிற்கின்றது. பின்கால்கள் உள்ளே வர இரண்டு நாள் ஆயின. பிறகு அது உண்ணும்பொழுது கதவைச் சாத்தி, உண்டு முடிக்கும் முன்னரே திறந்துவிட்டோம். பின்னர்ச் சாத்தும் நேரத்தை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால்மணி நேரம் என்று நீட்டினோம். எந்நாளும் அதனைப் பிடித்துத் தள்ளியதில்லை. குறும்பு செய்ததற்குத் தண்டனையாக உள்ளே விட்டதுமில்லை. தண்டனைக்கு ஒருமுறை பயன்பட்ட பெட்டி அதன்பின் உறங்குதற்குப் பயன்படாது. உள்ளே விடுமுன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுதலும் வேண்டும். கம்பியிற் சிக்கிக் கழுத்து நெரிபடக்கூடும்.

முதல் இரவுகளே கடினமானவை. உடன்பிறப்புகளின் வெம்மையிற் கிடந்த உயிர் தனியே இருட்டில் விடப்பட்டால் அலறாமல் என் செய்யும்? 'அழுது ஓயட்டும்' என்று சமையலறையில் வைத்துக் கதவடைப்போர் உளர். அதனை யாம் ஒப்புவதற்கில்லை. பெட்டியைப் படுக்கும் பாயின் பக்கத்திலேயே வைத்து, அது முனகும்பொழுது விரலைக் கம்பியினூடே நீட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காது எழுந்து சுழலின் கழிவு முட்டுகின்றது என்பது பொருள். விளக்கை ஏற்றாமல், விளையாட்டுக் காட்டாமல், தூக்கிச் சென்று கழிக்கவிட்டு மீட்டும் படுக்கவைத்தல் வேண்டும். 2 திங்கட் குட்டிக்கு இரவில் ஒரு முறையோ இரு முறையோ இது தேவைப்படும். தேர்வுக் காலத்தில் இராக்கண் விழிக்கும் மாணவர் இப்பணியை எளிதில் மேற்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் அடைத்து வைக்கலாம் என்னும் வினாவிலேதான் கூடு கூண்டாகின்றது. குட்டியின் வயதைத் திங்களால் எண்ணி அதனோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரமே அது அடக்கக்கூடிய எல்லை என்று பழக்குநர் ஒரு கணக்குக் கூறுவர். 2 திங்கட் குட்டிக்கு 3 மணி நேரம். அக்கணக்கு கடைசி எல்லையைக் காட்டுவது. நாள்தோறும் அவ்வளவு அடைக்கலாம் என்று உரிமை தருவதன்று. பகலில் ஒரு மணி, மிஞ்சின் இரண்டு மணி நேரமே தக்கது. கணவனும் மனைவியும் அலுவலகத்திற்குச் சென்று மாலையில் திரும்பும் இல்லத்தில், காலை ஒன்பது மணிக்கு அடைக்கப்பட்ட குட்டி வேறு வழியின்றித் தன் படுக்கையிலேயே கழிக்கின்றது. முதல் நாள் அதற்கு அது துன்பம். பத்தாம் நாள் பழக்கம். தன் படுக்கையைத் தூயதாக வைத்துக்கொள்ளும் குணம் அழிந்தபின், இல்லத்தூய்மையைக் கட்டுதற்கு அடித்தளமே இல்லை. சில விற்பனைக் கடைகளில் தம் கழிவின்மீதே கிடந்து வளர்ந்த குட்டிகள் இந்நிலையிலேயே நம்மிடம் வருகின்றன. அவற்றைப் பழக்கப் பிறவற்றினும் பன்மடங்கு பொறுமை வேண்டும். பகலில் ஆளில்லாத இல்லத்தார் அயலாரையோ உறவினரையோ நடுவே வந்து பார்க்க ஏற்பாடு செய்தல் வேண்டும். அல்லது, கம்பித் தடுப்பிட்ட ஓர் அறைமூலையில் ஒருபுறம் படுக்கையும் மறுபுறம் மண்தட்டும் வைத்து விடுதல் வேண்டும். இரண்டும் இயலாதாயின் குட்டி வளர்க்கும் விருப்பத்தைச் சில ஆண்டு ஒத்திவைப்பதே அறம் என்பது எம் கருத்து.

சட்டமும் இதில் வாய்திறந்துள்ளது. 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அசைந்து நடமாடப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் விலங்கை வைத்தலைக் குற்றமாக வகுக்கின்றது. எப்பொழுதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை உரியவர் வெளியிற் கொண்டுசென்று நடமாட விடாமையும் அப்பிரிவின்படி குற்றமே. சுவீடன் நாட்டு விதிகள் இன்னும் கடியன. பயணம் போன்ற சிற்சில வேளைகளிலன்றி நாயைச் சிறு கூண்டில் அடைத்து வைத்தலை அவை அனுமதிப்பதில்லை. அமெரிக்க இல்லங்களில் மிகுதியாக வழங்கும் ஒரு கருவியைச் சுவீடன் விலக்குகின்றது என்றால், அக்கருவியின் நன்மையும் தீமையும் அடுத்தடுத்து இருத்தல் விளங்கும்.

நம் நாட்டிற்குச் சிறப்பாக நோக்கவேண்டியது வெப்பம். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வாய்திறந்து இளைத்தே வெப்பத்தைப் போக்கும். ஆதலின் பெட்டியைச் சாளரத்து வெயில் படும் இடத்திலும், காற்றில்லா மூலையிலும் வைத்தலாகாது. இரவில் இருட்டாக்க விரும்பின் மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கம் மட்டும் மூடலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் வேறொரு தொல்லை. மொட்டைமாடியில் நீர் தேங்கியதும் செவலை படிவாயிலில் நின்று மழையை நோக்கிக் கொட்டாவி விட்டதேயன்றி ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. தகரத் தட்டைப் படிக்கட்டின் மேற்கூரைக்கீழ் நகர்த்தி, பழைய மணலிற் சிறிது அதனிற் கலந்து வைத்த பின்னரே மணத்தை அறிந்து இணங்கிற்று.

வாரக்கணக்கிற் பழகியபின் ஒரு குட்டி மீண்டும் நனைக்கத் தொடங்கினால் அதனைப் பிடிவாதம் என்று கருதற்க. சிறுநீர்ப்பாதையில் நோயுற்ற குட்டி சிறிது சிறிதாகப் பலமுறை கழிக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டுதலே முறை. விருந்தினரைக் கண்டு துள்ளும்பொழுதும், குனிந்து பெருங்குரலில் பேசுவோர்முன் அஞ்சும்பொழுதும் சில துளி சிந்துதல் வேறு, அது குட்டியின் கட்டுக்கடங்காதது, கடிந்தால் மிகும், வளர வளரத் தானே பெரும்பாலும் நின்றுவிடும்.

பெரும்பாலான குட்டிகள் நான்காம் திங்களுக்கும் ஆறாம் திங்களுக்கும் இடையில் இல்லத்தூய்மையிற் நிலைபெறுகின்றன. சிறிய இனத்துக் குட்டிகளுக்கு இன்னும் சில திங்கள் கூடுதலாகும். நிலைபெறும்வரை வீடு முழுதும் திறந்துவிடுதல் கூடாது. செவலைக்கு முதலில் கூடம் மட்டும், இரண்டு வாரம் ஒருமுறையும் நனையாதிருந்த பின் படிக்கும் அறை, பின்னர்ப் படுக்கையறை. ஒவ்வோர் அறையிலும் சில நாள் அதற்கு உணவிட்டோம். உண்ட இடத்தையும் உறங்கிய இடத்தையும் அது தன் கூட்டின் பகுதியாகவே எண்ணிவிடும். ஆறாம் திங்கள் முடிந்தபொழுது பெட்டியின் கதவைக் கழற்றிப் பரணில் வைத்தோம். பெட்டி மட்டும் இன்றும் கூடத்து மூலையில் உள்ளது. நண்பகலில் வீட்டார் அனைவரும் ஓய்ந்தபின் செவலை அதனுள்ளே சென்று, மூன்றுமுறை சுற்றிப் படுத்துக்கொள்கின்றது. எம் பாட்டியார் அந்நேரத்தில் அவ்வழியே செல்வோரை ஓசைப்படாமல் நடக்கச் சொல்லுகின்றார்.